பொறியாளரை அழைக்கவும்

அழுத்தம் என்று வந்தது திரையில். கொஞ்ச நேரம் தனியாக நின்றது. பிறகு பக்கத்தில் ‘சரி’ என்று விழுந்தது. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது மூச்சை விட்ட பிறகுதான் தெரிந்தது, எனக்கே சிரிப்பாக வந்தது, இந்தச் ‘சரி’யை எழுதியவளே நான்தானே. கோயம்புத்தூரில் இந்த இயந்திரத்தைச் செய்கிற கம்பெனியில் என் மேசைமேல் மூடி இல்லாத ஒரு சர்க்யூட் பலகையில் இதை எத்தனையோ தடவை ஓடவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் ‘தயார்’ என்று இருக்கும், அல்லது இருக்காது. இருந்தால் அடுத்த வேலை, இல்லாவிட்டால் அதே வேலை, அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே இதே திரைக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது, நாற்காலியில் என் அண்ணன் சென்னியப்பன் இடது கையை நீட்டிப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். கோபியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறை. நான்கு இயந்திரங்கள், நான்கு நாற்காலிகள். மூன்றில் ஆட்களை ஏற்றியாகிவிட்டது, அவர்கள் ரத்தம் குழாயில் வெளியே போய்க் கழுவிக்கொண்டு திரும்பி வருகிறது, அவர்கள் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அண்ணனை ஏற்றப்போகும் நேரத்தில் கரண்டு போய்விட்டது. மற்ற மூன்றும் தங்கள் பேட்டரியில் தாக்குப்பிடித்தன. ஜன்னலோரத்து இந்த நாலாவது மட்டும் அணைந்து, ஜெனரேட்டர் வந்ததும் முதலிலிருந்து கண் விழித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாக டீசல் வாடை வருகிறது. அண்ணனுடைய முகம் உப்பிப்போய் கண்கள் சின்னதாகிவிட்டன. செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது, எழும்பவில்லை. வெள்ளிக்கிழமை வரவேண்டியவன் வரவில்லை, பெருந்துறையில் அண்ணியின் அக்கா மகள் கல்யாணம். போனது போகட்டும், பந்தலில் யாரோ சீவிக் கொடுத்த இளநீரைக் குடித்திருக்கிறான். இவனைப் போன்றவர்களுக்கு இளநீர் விஷம், அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கி நெஞ்சைப் பிடித்துவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். “ஒன்னே ஒன்னுதான் அம்மிணி, அதுலயும் பாதிதான்” என்று வண்டியில் வரும்போது என்னிடம் சொன்னான். அண்ணிக்குக் காய்ச்சல் என்பதால் நான் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு அவன்மேல் கோபம், ஆனால் கோபித்துக்கொள்ள இது நேரமில்லை, இவனை ஏற்றவேண்டும், சீக்கிரம் ஏற்றவேண்டும், அதற்கு இந்தத் திரை ‘தயார்’ என்று சொல்லவேண்டும்.

எழுத்துரு. இதுவும் கொஞ்சம் இழுக்கும், தமிழ் எழுத்து வரைகிற கோப்பு, பெரிசு. ஒரு பெயர் வரும், அதற்குச் சரி விழும், உடனே அந்தப் பெயர் அழிந்து அடுத்த பெயர் வரும், அகர வரிசையில். இப்படிப் பெயர் காட்டவே தேவையில்லை என்று இருதயராஜ் சொன்னான். எனக்குப் பக்கத்து மேசைக்காரன், நல்லவன், ஆனால் மனிதர்கள் பார்ப்பதற்காக எதையும் செய்வது அவனுக்கு வீண் வேலை. சும்மா கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் ஸ்விட்சை அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள் என்று சண்டை போட்டுத்தான் இந்த ஒற்றை வரியை வாங்கினேன். இயந்திரம் என்று சொல்கிறோமே தவிர, கரண்டு வந்த நிமிஷத்தில் அதற்குத் தான் யாரென்றே தெரியாது. பம்ப் இருப்பது தெரியாது, திரை இருப்பது தெரியாது. முதலில் ஒரே ஒரு குட்டி நிரல் எழுந்துகொள்ளும், அதற்குப் பெயர் பூட் லோடர், அது போய் ஒவ்வொன்றாக மற்றவற்றை எழுப்பிவிடும். இது என்ன வேலை என்று அண்ணன் ஒருமுறை கேட்டதற்கு இதைத்தான் சொன்னேன். “அப்ப நீ கல்யாண மண்டபத்துல விடியக்காலம் எல்லாத்தையும் எழுப்பியுடுற ஆளாட்ட” என்றான், அதற்குமேல் நான் விளக்கவில்லை, அது கிட்டத்தட்ட சரிதான். வெறுமனே எழுப்பிக்கொண்டிருந்த அதற்கு முதலில் ஸ்கிரிப்ட் படிக்கக் கற்றுக்கொடுத்தது நான். ஒரு ஊரில் தண்ணீர் அழுத்தம் குறைவு, ஒரு ஊரில் வால்வு பழைய மாடல், ஒவ்வொன்றுக்கும் புதிதாக எல்லாவற்றையும் கட்டி அனுப்பி மாளவில்லை. அதனால் ஒரு பென் டிரைவில் நாலு வரி எழுதிச் சொருகினால் போதும், இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்று பூட் லோடரே படித்து நடந்துகொள்ளும்படி செய்தேன். சர்வீஸ்காரர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இருதயராஜ் சரிபார்ப்பைச் சேர்த்தான். எழுப்புவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையும் முழுசாகப் படித்து, அதிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, ஆலையிலிருந்து அனுப்பும்போது குறித்த எண்ணோடு ஒத்துப் பார்ப்பது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எண் மொத்தமாக மாறிவிடும். மாறியிருந்தால் என்ன செய்வது? இதற்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம். எப்படியாவது ஓடவேண்டும், ஆஸ்பத்திரியில் இயந்திரம் நின்றால் நம் பெயர் கெட்டுவிடும் என்றார் மேனேஜர். நிற்கவேண்டும் என்று நான் சொன்னேன். பாதி புத்தியோடு ஓடுகிற இயந்திரத்தைவிட நிற்கிற இயந்திரம் மேல் என்று சொன்னேன், நன்றாகச் சொன்னேன், சொல்லிவிட்டு எனக்கே அது பிடித்திருந்தது. நின்றால் எந்தக் கோப்பு கெட்டது என்று சொல்லலாமா என்று கேட்டபோது மட்டும் இருதயராஜ் ஒரேயடியாக மறுத்தான். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு, எது தப்பு என்று சொன்னால் திருடன் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவான், அதனால் எல்லாத் தவறுக்கும் ஒரே பதில். சரி என்று நானும் தலையாட்டினேன். கிட்னி போனவனுடைய இயந்திரத்துக்குள் புகுந்து என்ன திருடப்போகிறான் அந்தத் திருடன் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. எழுத்துரு, சரி.

ஒலி. இது சின்னது, உடனே முடிந்துவிடும். அலாரத்தின் சத்தம் இதில்தான் இருக்கிறது. பக்கத்து இயந்திரம் இப்போதுகூட ஒருமுறை கத்தி அடங்கிற்று, மரியபுஷ்பம் சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிற போக்கில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போனாள். அவள்தான் இங்கே எல்லாம், ஊசி குத்துவதும் அவள்தான், சண்டை போடுவதும் அவள்தான். காலையில் எடை போட்டுப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, கல்யாணத்துல பந்தியோட சேத்து அண்டாவையும் முழுங்கிட்டீங்களா?” என்று கேட்டாள், அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டான். ஒலி, சரி. எனக்கு எதையும் ஒரு தடவைக்கு மேல் பார்க்கிற பழக்கம் சின்னதிலிருந்தே உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். “உட்டா அந்தப் பூட்டுக்கே உன்ற மேல சந்தேகம் வந்துரும்” என்பான் அண்ணன். அவன் எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. தலைவலி என்றால் மாத்திரை, மறுபடி தலைவலி என்றால் மறுபடி மாத்திரை, கவுந்தப்பாடியில் அவன் பைப் கடைக் கல்லாவில் சில்லறையோடு மாத்திரை அட்டையும் கிடக்கும். பிரஷர் எவ்வளவு என்று ஒருநாள் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை, இரண்டு கிட்னியும் சுருங்கிப்போன பிறகுதான் பார்த்தது. அப்புறம் அவனுக்கு நான் ஒன்று கொடுக்க முடியுமா என்று என்னைப் பார்த்தார்கள், என் ரத்தத்தை, அவனுடைய ரத்தத்தோடு. நானாகத்தான் போனேன், யாரும் கேட்கவில்லை, அண்ணி அழுதாள், அவன் வேண்டாம் என்றான், நான் பிடிவாதமாகப் போய்க் கையை நீட்டினேன். முடிவு வருகிறவரை ராத்திரிகளில் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன், இந்தப் பக்கத்ததா அந்தப் பக்கத்ததா, எதை எடுப்பார்கள், எடுத்த இடம் எப்படி இருக்கும், நான் மாடிப்படி ஏறுவேனா. ஒருநாள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சேரலைங்க” என்றாள். அவ்வளவுதான். ஏன் சேரவில்லை, எது சேரவில்லை, ஒன்றும் இல்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைப்பானேன், நிம்மதியாகத்தான் இருந்தது, உடம்பெல்லாம் லேசாகி, சோடா அவ்வளவு இனிப்பாக இருந்தது, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்குக்கூடச் சந்தோஷப்பட்டேன். அவிநாசி தாண்டுகிறபோதுதான் அந்த நிம்மதி எதற்கென்று உறைத்தது. என் அண்ணன் சாகிற வரைக்கும் வாரத்துக்கு மூன்று தடவை ஊசி குத்திக்கொள்ளப்போகிறான் என்ற சேதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சோடா குடித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அவனிடம் போய் “சேரலையாமா” என்று சொன்னபோது, “உடு, உன்றது வெச்சா நானும் பூட்டை இழுத்து இழுத்துப் பாத்துட்டு இருக்கோணும்” என்று சிரித்தான். என் முகத்தில் அவன் எதையாவது பார்த்தானா, பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னானா, அவன்தான் எதையும் திரும்பிப் பார்க்காதவன் ஆயிற்றே, ஆனால் என்னைப் பார்ப்பான், என்னை மட்டும் எப்போதும்

“அம்மிணி, என்னமோ எழுதியிருக்குது பாரு.”

திரை மாறியிருந்தது. பெயர் எதுவும் இல்லை. வெள்ளையில் இரண்டு வாக்கியம். அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தான்: “இயந்திரத்தைத் தொடங்க முடியவில்லை. பொறியாளரை அழைக்கவும்.” படித்துவிட்டு என் பக்கம் தலையைத் திருப்பினான். “கூப்புடவே வேண்டாம், இங்கயேதான உக்காந்திருக்குது” என்றான். பக்கத்து நாற்காலிப் பெரியவர் போர்வைக்குள் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பெயரில் நின்றது? ஒலி வரைக்கும் பார்த்தேன். ஒலிக்குச் சரி விழுந்தது, அது நிச்சயம். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன், சோடா குடித்தேன், அவிநாசி தாண்டினேன். அந்த நேரத்தில் என் கண் முன்னால் ஒரு பெயர் வந்து நின்று, சரி விழாமலே அழிந்திருக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறேன். கடிகாரமாக இருக்கலாம், கடிகாரம் கெட்டால் தேதி தப்பாகக் காட்டும், காட்டிவிட்டுப் போகட்டும். திரையாக இருக்கலாம். குமிழியாகவும் இருக்கலாம். ரத்தம் திரும்பி வருகிற குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்தால் கண்டுபிடித்து அந்த நொடியே பம்பை நிறுத்துகிற கோப்பு அது. அது தூங்கிவிட்டால் காற்று நேரே நெஞ்சுக்குப் போகும். விலை உயர்ந்த இயந்திரங்களில் அதற்கென்று தனியாக இன்னொரு காவலும் இருக்கும், எங்களுடையது சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்காக விலை குறைத்துச் செய்தது, எங்களிடம் அந்தக் கோப்புத்தான் காவல். எதில் நின்றாய் என்று அதைக் கேட்டால் பொறியாளரை அழைக்கவும் என்கிறது. எல்லாத் தவறுக்கும் ஒரே பதில். திருடனுக்கென்று நாங்கள் சாத்திய கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன், அண்ணனைக் கையில் பிடித்தபடி.

“நின்னுருச்சுங்களா? இருங்க, இருங்க” என்று மரியபுஷ்பம் சிஸ்டர் வந்தாள். சுவரில் ஒரு ஆணி, அதில் பழைய சலைன் குழாயை முடிச்சுப் போட்டு ஒரு பென் டிரைவ் தொங்கியது. அது அங்கே தொங்குவதை உள்ளே வந்தபோதே பார்த்திருந்தேன், யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்தேன். அவள் அதைக் கழற்றி, இயந்திரத்தின் முதுகுப்பக்கம் கண்ணால் பார்க்காமலே விரலால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொருகி, ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். பெயர் எதுவும் வரவில்லை. அழுத்தம் வரவில்லை, எழுத்துரு வரவில்லை. இருமி முடிப்பதற்குள் ‘தயார்’ என்று பச்சையில் வந்துவிட்டது. “பாத்தீங்களா, இதைச் சொருகுனா ஓடிருமுங்க” என்றாள், ஊசித் தட்டை இழுத்துக்கொண்டு. அந்தப் பென் டிரைவில் என்ன எழுதியிருக்கும் என்று திறந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, ஒரே ஒரு வரி, சரிபார்ப்பு வேண்டாம். அப்படி ஒரு வரியை எழுத முடியும் என்பதும், எழுதினால் இயந்திரம் கேட்டுக்கொள்ளும் என்பதும் அந்த நிமிஷம்தான் முழுசாகப் புரிந்தது. இருதயராஜ் சரிபார்ப்புக்கு ஒரு சுவிட்ச் வைத்தான், மேசையில் சோதனை செய்யும்போது அணைத்துக்கொள்வதற்காக. நான் அதற்கு முன்பே எல்லாச் சுவிட்சையும் தொடக்கூடிய ஒரு கையை உள்ளே விட்டிருந்தேன். அவன் வேலையை அவன் சரியாகச் செய்தான், நான் என் வேலையைச் சரியாகச் செய்தேன், இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. எல்லாக் கோப்பையும் சரிபார்க்கிறோம், சரிபார்க்க வேண்டாம் என்று சொல்கிற ஸ்கிரிப்டை மட்டும் யாரென்று கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறோம். எந்த சர்வீஸ்காரனோ ஊருக்கு ஊர் ஓட முடியாமல் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான், அவனைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

“சிஸ்டர், ஒரு நிமிஷம். இது யார் குடுத்தது?”

“சர்வீஸ் தம்பிதானுங்க. மூணு வாரத்துக்கு முன்னால பெரிய இடி ஒன்னு உழுந்துச்சு, அன்னைலருந்து இந்த மிசினு இப்படித்தான் மொரண்டு பண்ணுது. பார்ட்டு வரோணும், அது வர்ற வரைக்கும் இதைப் போட்டு ஓட்டிக்கங்கன்னு குடுத்துட்டுப் போனாருங்க.” ஊசியின் உறையைக் கழற்றினாள். “போன புதன்கெழமை உங்க அண்ணனே இதுலதானுங்க ஓடுனாரு. ஒன்னும் ஆகலையே.”

ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன், ஏன் யோசித்தேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்தேன், அது ஞாபகம் இருக்கிறது. நான் கீரை ஆய்கிற நேரத்தில் இவன் இந்த நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறான், குழாயில் ரத்தம் போய் வந்திருக்கிறது, ஒரு குமிழிகூட வரவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. காவல்காரன் இல்லாத வீட்டுக்கு அன்றைக்குத் திருடன் வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் வராமல் போகலாம். அண்ணன் உப்பிப்போயிருக்கிறான், நெஞ்சுக்குள் இளநீர் இருக்கிறது, நாலு நாற்காலியில் மூன்று நிரம்பியிருக்கிறது, எழுதியிருப்பது ‘தயார்’. இதோ சிஸ்டர் பஞ்சால் கையைத் துடைக்கிறாள். பேசாமல் இருந்துவிட்டால் போதும். கடிகாரமாகத்தான் இருக்கும். தேதிதான் தப்பாக இருக்கும். கடிகாரம்தான் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அந்தக் குரலை எனக்குத் தெரியும், அன்றைக்குச் சோடா குடித்தது அதுதான்.

“ஊசி போடாதீங்க சிஸ்டர்.”

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பெரியவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

“ஓடுமா ஓடாதா? அதை மட்டும் சொல்லு அம்மிணி.”

“தெரியல. அந்தப் பென் டிரைவை எடுத்துட்டு மறுபடி போடணும். நான் பாக்கணும்.”

“மேடம், நேரமாகுதுங்க. அவருக்கு மூச்சு வாங்குது, பாருங்க.”

“தெரியுது சிஸ்டர். ஒரே ஒரு தடவை.”

நானே எழுந்து போய்ப் பென் டிரைவைப் பிடுங்கினேன். உள்ளங்கையில் சூடாக இருந்தது. ஸ்விட்சை அணைத்தேன், போட்டேன், திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் நின்றேன். எதையும் நினைக்கக் கூடாது. அழுத்தம். நினைக்கக் கூடாது. அழுத்தம், சரி. எழுத்துரு. இது இழுக்கும், இழுக்கட்டும், கண்ணைச் சிமிட்டலாம், நினைக்கத்தான் கூடாது. முதுகுக்குப் பின்னால் அண்ணனுடைய மூச்சு கேட்கிறது, மாடிப்படி ஏறிவந்தவன் மூச்சு, அவன் ஏறவில்லை, சாய்ந்துதான் கிடக்கிறான், கேட்கக் கூடாது. எழுத்துரு, சரி. ஒலி. ஒலி, சரி. இங்கேதான் போன தடவை நான் போய்விட்டேன். இப்போது போகவில்லை. கடிகாரம். கடிகாரமாக இரு. கடிகாரமாக இருந்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும், தேதியைத் தப்பாகக் காட்டு, எந்த வருஷத்தை வேண்டுமானாலும் காட்டு. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

கடிகாரம், சரி.

குமிழி.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தாழ்வாரத்தில் வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். குமிழி என்ற சொல்லில் மேலே இரண்டு கொக்கிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் பார்த்தேன். திரை வெள்ளையாயிற்று. இயந்திரத்தைத் தொடங்க முடியவில்லை.

“அண்ணா, எந்திரி” என்றேன்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டு, நாற்காலியின் பிடியை ஊன்றி எழுந்தான். எழுந்தவுடன் தள்ளாடினான், பிடித்துக்கொண்டேன், கை கனத்துக் குளிர்ந்திருந்தது. சிஸ்டரிடம் சொன்னேன், காற்று வந்தால் இது நிறுத்தாது, நிறுத்துகிற பாகம்தான் கெட்டிருக்கிறது என்று. அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். பிறகு புதன்கிழமையை நினைத்தாள் என்று நினைக்கிறேன், அதற்கு முந்தினவர்களையும், ஏனென்றால் முகம் வெளுத்துவிட்டது, “மாதாவே” என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அவளுக்கு வேலை வந்துவிட்டது. டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள், அண்ணனைச் சுவரோரம் கட்டிலில் படுக்கவைத்தாள், ஈசிஜி எடுக்க வயர்களை ஒட்டினாள், பொட்டாசியத்தை அடக்குகிற பவுடரைக் கரைத்துக் கொடுத்து, “மூணாம் நம்பர்காரரு எறங்குனதும் மொதல்ல உங்களத்தான் ஏத்துவேன், அதுவரைக்கும் அசையாமப் படுங்க, தண்ணின்னு கேட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்” என்றாள். அதற்குள் மூன்றாம் நம்பர் பெரியவர், “அரை மணி முன்னால என்னைய எறக்கியுடு புஷ்பம், எனக்கு இன்னிக்குத் தண்ணி கம்மிதான்” என்றார். டாக்டர் வந்து ஈசிஜி தாளை நீளமாகப் பிடித்துப் பார்த்து, இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் மத்தியானம் வரைக்கும் இழுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பவுடரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “இளநியாட்டவே இருக்குது” என்றான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, யாரும் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் என் எதிரில் வந்து நின்று கையை நீட்டினாள். பென் டிரைவ் என் கைக்குள்ளேயே இருந்தது, சலைன் குழாய் முடிச்சு விரலிடுக்கில் தொங்கியது. “குடுங்க மேடம்” என்றாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். “அடுத்த ஷிப்டுக்கு இந்த மிசின்ல ஒருத்தரு வருவாருங்க. அந்தியூர்லருந்து ரெண்டு பஸ்சு மாறி வர்றவரு. அவரும் ரெண்டு நாளு தவறுனவரு. இதுவும் இல்லீன்னா அவர நான் என்ன சொல்லித் திருப்பி அனுப்புறது?”

நிற்கிற இயந்திரம் மேல் என்று அன்றைக்கு நன்றாகச் சொன்னேன். சொன்ன இடத்தில் ஏசி இருந்தது, பிஸ்கட் இருந்தது. அந்தியூரிலிருந்து யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. இப்படி இருந்தால் இதைச் செய் என்று எழுதினேன், இல்லாவிட்டால் என்ன என்பதற்கு ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டுப் போய்விட்டேன். பென் டிரைவைப் பிடித்த கையை விரிக்கவில்லை. இதிலிருக்கும் அந்த ஒரு வரியை அழிக்கவேண்டும். இருதயராஜைப் போனில் பிடித்து, குமிழிக் கோப்பை மட்டும் நல்லதாக அனுப்பச் சொல்லவேண்டும். இதே பென் டிரைவில் அதைப் போட்டு, பழையதை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள், ஆனால் சரிபார்த்து எடுத்துக்கொள் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதவேண்டும், எண் ஒத்தால்தான் ஓடும், ஒத்துவராவிட்டால் அந்தியூர்க்காரரிடம் நானே சொல்லவேண்டும். அந்தப் பலகையில் வேறு என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாது. நடக்குமா என்று தெரியாது.

“ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்குமில்ல சிஸ்டர், அதை எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்றேன்.

கட்டிலிலிருந்து அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அந்த வாக்கியம் அப்படியே நின்றது, பொறியாளரை அழைக்கவும். நாற்காலியில் அவன் அழுந்திக் கிடந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை. நான் போய் அதில் உட்கார்ந்தேன்.